மார்பகச் சத்திரசிகிச்சை: கேட்கப்படாத கேள்விகள்

பெண்ணின் மார்பகம் பற்றி எழுதுவது எமது பத்திரிகைகளுக்கு இன்னமும் எளிதான காரியமாக இல்லை. பழந்தமிழ்ப் புலவர்களுக்கு இந்தத் தயக்கம் இருந்ததில்லை. தன் மகன் போரிலே புறமுதுகிட்டு மாண்டான் என்பது உண்மையாயின், அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறிய முதியவளைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் புறநானூற்றிலே பாடினார். தன் இடது மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்த கண்ணகியை இளங்கோவடிகள் பாடினார். மறத்துக்கும் அறத்துக்கும் சாட்சியாக நின்ற அந்த உறுப்பு, இன்று எமது வீடுகளில் குரலைத் தாழ்த்திப் பேசப்படும் ஒன்றாகிவிட்டது. குரல் தாழ்வதோடு தகவலும் குறைந்துவிடுகிறது என்பதே எமது கவலை.

புலம்பெயர்ந்த நாடுகளில் இந்தக் கவலைக்கு இரு முகங்கள் உண்டு. புற்றுநோய்க்காக ஒரு மார்பை இழந்த தாய், அதனை மீள அமைத்துக்கொள்ளலாம் என்று வைத்தியர் கூறும்போது, "இந்த வயதில் எனக்கு எதற்கு அழகு?" என்று மறுத்துவிடுகிறாள். வளர்ந்துவரும் மகளோ, தன் மார்பு சிறியதென்றோ பெரியதென்றோ மனம் நொந்து, வீட்டாருக்குத் தெரியாமல் பணம் சேர்த்து, விளம்பரத்தில் கண்ட தனியார் நிலையத்தின் படியேறுகிறாள். தாய்க்குத் தன் உரிமை தெரியவில்லை. மகளுக்கு அதன் ஆபத்துத் தெரியவில்லை. கேட்டு அறிவதற்கு இருவருக்கும் ஆளில்லை. ஆகவே, இச்சிகிச்சையில் இன்று உள்ள வழிகள் எவை, புதிதாக வருவன எவை, கையொப்பமிடும் முன்னர் கேட்க வேண்டியவை எவை என்பவற்றை இங்கு ஒழுங்காக எடுத்துரைக்க முனைகிறோம்.

துலோன் அருகே ஒரு தொழிற்சாலை

தென் பிரான்சின் துலோன் துறைமுகத்தை அடுத்துள்ள லா சேன் சூர் மேர் என்னும் ஊரில், ஜான் குளோட் மாஸ் என்பவர் 1991ஆம் ஆண்டு ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பொலி இம்ப்ளாண்ட் புரொத்தேஸ் என்பது அதன் பெயர், பி.ஐ.பி. என்பது சுருக்கம். மார்பகத்துள் வைப்பதற்கான பைகளை அது தயாரித்தது. மருத்துவர்கள் இவற்றை உள்வைப்பு என்பர். சிலிக்கோனால் ஆன மெல்லிய உறையினுள் சிலிக்கோன் களியோ உப்புநீரோ நிரப்பப்பட்டிருக்கும். பிரான்சில் தயாராகும் பொருள், ஐரோப்பிய சான்றிதழ் பெற்ற பொருள், விலையும் மலிவு என்பதனால் அது 65 நாடுகளில் விலைபோயிற்று. பிரான்சில் ஏறத்தாழ 30,000 பெண்களும் பிரித்தானியாவில் ஏறத்தாழ 47,000 பெண்களும் அதனைத் தம் உடலில் ஏற்றனர். உலகம் முழுவதிலும் இத்தொகை 3 இலட்சத்துக்கும் 4 இலட்சத்துக்கும் இடைப்பட்டதென மதிப்பிடப்பட்டது.

பைகள் வழமைக்கு மாறாக விரைவில் கிழிவதைச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கவனித்து முறையிட்டனர். 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரெஞ்சுச் சுகாதார அதிகாரிகள் தொழிற்சாலையினுள் நுழைந்தனர். உள்ளே கண்டது, மருத்துவப் பயன்பாட்டுக்கு ஒருபோதும் அனுமதிக்கப்படாத, தொழிற்சாலைத் தேவைகளுக்கான மலிவான சிலிக்கோன். அம்மாதமே விற்பனை நிறுத்தப்பட்டது, நிறுவனமும் மூடப்பட்டது. 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசு, கிழியாதிருப்பினும் முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொள்ளுமாறு பெண்களுக்கு ஆலோசனை கூறி, அகற்றும் செலவை ஏற்றுக்கொண்டது. ஆயினும் புதிய உள்வைப்புக்கான செலவு, புற்றுநோயின் பின் மீளமைப்புச் செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. அழகுக்காக வைத்தவள் அகற்றலாம். மாற்றுவதாயின் தன் பணத்திலேயே மாற்ற வேண்டும்.

2013ஆம் ஆண்டு மார்செய் நகரில் நடைபெற்ற வழக்கில் 7,000க்கும் மேற்பட்ட பெண்கள் முறைப்பாட்டாளர்களாக இணைந்தனர். நீதிமன்ற மண்டபம் போதாமையால் மாநாட்டு மண்டபமொன்றில் விசாரணை நடந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மாஸ் மோசடிக் குற்றத்துக்காக 4 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 2019இல் அவர் காலமானார்.

எமது வாசகர்கள் இக்கதையில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது வேறொன்று. பி.ஐ.பி. உற்பத்திக்கு ஐரோப்பிய சான்றிதழ் இருந்தது. அதனை வழங்கியது டூஃப் ரைன்லாண்ட் என்னும் பெயர்பெற்ற ஜேர்மன் நிறுவனம். அதன் பரிசோதகர்கள் வரும் நாள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது; அவர்கள் வருமுன் கள்ளச் சிலிக்கோனும் அதற்கான கணக்குகளும் மறைக்கப்பட்டன. அவர்கள் சரிபார்த்தவை தரக் கட்டுப்பாட்டு முறையும் ஆவணங்களும். பைக்குள் இருந்த களியை அவர்கள் சோதிக்கவில்லை. நீண்ட வழக்காடலின் பின்னர், அந்நிறுவனம் தன் கடமையில் அலட்சியமாக இருந்ததென 2021 மே மாதம் பாரிஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காகிதத்தின் பெறுமதியும் காகிதத்தின் பொய்யும் அகதிகளாகிய எமக்கு அந்நியமானவை அல்ல. உண்மை ஒன்றாகவும் பத்திரம் வேறொன்றாகவும் இருக்கலாம் என்பதை நாம் எத்தனையோ அலுவலக வாசல்களில் அறிந்திருக்கிறோம். அந்த அறிவை வைத்தியசாலை வாசலிலும் கைவிடலாகாது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரித்தானிய சுகாதார சேவை நியமித்த நிபுணர் குழு 2012இல் வெளியிட்ட முடிவின்படி, இப்பைகள் ஏனையவற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு கிழியக்கூடியவை; ஆனால் நீண்டகால நச்சுத்தன்மைக்கோ புற்றுநோய்க்கோ சான்று கிடைக்கவில்லை. அச்சத்தைப் பெருக்குவது எமது நோக்கமன்று.

முதலில் உடல், பின்னர் பரிசோதனை

பி.ஐ.பி. விவகாரத்தைத் தனியொரு மோசடிக்காரரின் கதையாக ஒதுக்கிவிட முடியாது. மார்பக அழகுச் சிகிச்சையின் வரலாற்றில், பொருள் முதலில் உடலுக்குள் சென்றதும் அதன் பாதுகாப்புப் பற்றிய ஆராய்ச்சி பின்னால் வந்ததும் பலமுறை நிகழ்ந்திருக்கிறது.

1895ஆம் ஆண்டு ஹைடெல்பேர்க் நகரில் வின்சென்ஸ் செர்னி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், கட்டி அகற்றப்பட்ட ஒரு பெண்ணின் மார்பில் ஏற்பட்ட பள்ளத்தை, அவளது முதுகிலிருந்து எடுத்த கொழுப்புக் கட்டியால் நிரப்பினார். சொந்த உடலின் திசுவைக் கொண்டே குறையை நிரப்பும் இந்த அறிவார்ந்த வழி பின்னர் நெடுங்காலம் பின்தள்ளப்பட்டது. ஊசிமூலம் பரஃபின் மெழுகு ஏற்றினர். அது உடலுக்குள் கட்டிகளாக இறுகிச் சீழ்கொண்டது. இரண்டாம் உலகப் போரின் பின் ஜப்பானில் திரவச் சிலிக்கோனை நேரடியாக ஊசியால் ஏற்றினர். அதன் விளைவும் கொடியதே.

1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரில் தோமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ ஆகிய இரு வைத்தியர்கள் முதன்முதலாகச் சிலிக்கோன் பையை ஒரு பெண்ணின் மார்பில் வைத்தனர். டிம்மி ஜீன் லின்ட்சே என்னும் அப்பெண் வைத்தியசாலைக்கு வந்தது மார்பைப் பெருப்பிக்க அன்று. பச்சை குத்தியதை அழிப்பதற்கு. தன் காதுகளைச் சீர்செய்துகொள்ளவே தான் விரும்பியதாக அவர் பிற்காலத்தில் கூறினார். காதும் சீராயிற்று; மார்பும் மாறிற்று. அவருக்கு முன்னர் அந்தப் பை பரிசோதிக்கப்பட்டது ஒரு நாயில்.

அதன்பின் முப்பது ஆண்டுகள் இலட்சக்கணக்கான பெண்கள் இதனை ஏற்றனர். உற்பத்தியாளர்கள் போதிய பாதுகாப்புச் சான்றைக் காட்டவில்லை என்று கூறி, 1992இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சிலிக்கோன் களிப் பைகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வழக்குகளின் சுமையால் டவ் கோர்னிங் நிறுவனம் 1995இல் வங்குரோத்து அறிவித்தது. 1999இல் அமெரிக்க மருத்துவக் கழகம் தன் விரிவான அறிக்கையில், உடல் முழுவதையும் தாக்கும் நோய்களுக்குச் சிலிக்கோனே காரணம் என்பதற்குச் சான்றில்லை என்றும், உண்மையான பிரச்சினை கிழிதல், இறுகுதல், தொற்று, மீண்டும் மீண்டும் சத்திரசிகிச்சை ஆகியவையே என்றும் கூறியது. 2006இல் தடை நீங்கியது. சிலிக்கோன் நஞ்சு என்று அஞ்சியவர்களும் அதில் ஒன்றுமில்லை என்று விளம்பரம் செய்தவர்களும் ஒருசேரப் பிழைபட்டனர் என்றே நாம் இவ்வறிக்கையை வாசிக்கிறோம்.

அடுத்த அதிர்ச்சி உறையின் மேற்பரப்பிலிருந்து வந்தது. பை அசையாதிருக்கவும் சுற்றியுள்ள திசு இறுகாதிருக்கவும் சில உறைகள் சொரசொரப்பாகச் செய்யப்பட்டன. இவ்வகை உறைகளைச் சுற்றி, மிக அரிதாக, ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் தோன்றுவதாக 2011இல் அமெரிக்க நிர்வாகம் எச்சரித்தது. 2019 ஏப்ரலில் பிரான்சு மிகச் சொரசொரப்பான வகைகளைத் தடைசெய்தது. மே மாதம் கனடா அலர்கன் நிறுவனத்தின் அவ்வகைப் பைகளை நிறுத்தியது. யூலை மாதம் அந்நிறுவனம் அவற்றை உலகெங்கும் மீளப்பெற்றது. நோய்க்குறி இல்லாதவர்கள் அவசரப்பட்டு அகற்ற வேண்டியதில்லை என்பதே அதிகாரிகளின் ஆலோசனை. ஆனால் உள்வைப்பு வைத்துச் சில ஆண்டுகள் கழித்து ஒரு மார்பு திடீரென வீங்கினாலோ நீர் தேங்கினாலோ கட்டி தென்பட்டாலோ உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். உரிய காலத்தில் பையையும் அதன் சுற்றுத் திசுவையும் அகற்றினால் பெரும்பாலானோர் குணமடைகின்றனர்.

இன்றுள்ள வழிகள்

மார்பைப் பெருப்பிப்பதற்கு இரு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று உள்வைப்பு. அதனை நெஞ்சுத் தசையின் கீழும் வைக்கலாம், தசையின் மேலும் வைக்கலாம். முதலில் மனதிற் பதிக்க வேண்டியது, இது வாழ்நாள் முழுவதற்குமான பொருள் அன்று என்பதாகும். ஆண்டுகள் செல்லச்செல்லக் கிழியும் வாய்ப்பும், சுற்றுத் திசு இறுகி மார்பு கல்லெனக் கடினமாகி வலியெடுக்கும் வாய்ப்பும் கூடுகின்றன. சிலிக்கோன் பை ஓசையின்றிக் கிழியக்கூடும். ஆகவே ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளின் பின்னும், அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ஸ்கான் பரிசோதனை செய்யுமாறு அமெரிக்க நிர்வாகம் பரிந்துரைக்கிறது. இருபத்தைந்து வயதில் வைத்துக்கொள்ளும் பெண் தன் வாழ்நாளில் மேலும் சத்திரசிகிச்சைகளையும் அவற்றின் செலவையும் எதிர்பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

மற்றது கொழுப்பேற்றம். வயிறு, தொடை போன்ற இடங்களிலிருந்து மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி, தூய்மையாக்கி, மார்பினுள் நூலிழைகளாக ஏற்றுவர். அமெரிக்க அழகுச் சத்திரசிகிச்சையாளர் சங்கம் 1987இல் இதனைக் கண்டித்தது. ஏற்றிய கொழுப்பின் ஒரு பகுதி சுண்ணமாகிப் புற்றுநோய்ப் பரிசோதனையைக் குழப்பும் என்பது அன்றைய அச்சம். படப்பிடிப்பு முறைகள் முன்னேறி, இரண்டையும் பிரித்தறிவது இயலக்கூடியதானபின் 2009இல் அந்நிலைப்பாடு மாற்றப்பட்டது. அந்நியப் பொருள் எதுவும் இல்லை என்பது இதன் சிறப்பு. ஏற்றியதில் ஒரு பகுதியை உடல் கரைத்துவிடும், பலமுறை செய்ய நேரலாம், பெரிய அளவில் பெருப்பிக்க இயலாது என்பன இதன் வரம்புகள்.

ஊசியால் ஒரு மணி நேரத்தில் மார்பைப் பெருப்பிக்கலாம் என்று கூறுவோரை நம்ப வேண்டாம். ஹயலூரோனிக் அமிலக் களியை மார்பில் ஏற்றுவதைப் பிரான்சு 2011இலேயே தடைசெய்துவிட்டது.

மார்பைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சையை அழகுக்கானது என்று மட்டும் கருதுவது பெருந்தவறு. மிகப் பெரிய மார்பின் பாரத்தால் கழுத்து, முதுகு, தோள் வலியோடு, தோள்பட்டை உள்ளாடைப் பட்டியால் அறுந்து, மார்பின் கீழ்த் தோல் புண்ணாகி வாழும் பெண்கள் உள்ளனர். உணவகத்திலும் துப்புரவுப் பணியிலும் நாள் முழுதும் நின்று குனிந்து உழைக்கும் எம் பெண்களுக்கு இந்த வலி இரட்டிப்பாகிறது. பிரான்சில் ஒவ்வொரு மார்பிலிருந்தும் குறைந்தது 300 கிராம் அகற்றப்படுமாயின் இதனைச் செக்யூரிட்டே சோசியால் ஏற்கிறது. பிரித்தானியாவில் வதியும் பிரதேசத்துக்கேற்ப நிபந்தனைகள் வேறுபடுகின்றன. குடும்ப வைத்தியரிடம் வலியைச் சொல்லாதவரை இவ்வழி திறவாது.

இன்னும் பிள்ளை பெறாத பெண்கள் கேட்க வேண்டிய தனிக் கேள்வியொன்று உண்டு: பாலூட்ட இயலுமா? உள்வைப்புடன் பலர் பாலூட்டுகின்றனர். ஆயினும் முலைக்காம்பைச் சுற்றி வெட்டும் முறையில் பால் குறையும் வாய்ப்பு அதிகம். சிறிதாக்கும் சிகிச்சையில் அந்த வாய்ப்பு மேலும் கூடுகிறது. முலைக்காம்பின் உணர்வும் மாறக்கூடும்.

புற்றுநோயின் பின்னர்

சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில், மார்பகப் புற்றுநோய் என்றால் மார்பையும் அதன் கீழுள்ள தசையையும் முழுவதுமாக வெட்டியெறிவதே விதியாக இருந்தது. அமெரிக்கரான வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த முறை அது. இத்தாலியில் உம்பேர்ட்டோ வெரோனேசியும் அமெரிக்காவில் பேர்னாட் பிஷரும் நடத்திய ஆய்வுகள், சிறிய கட்டிகளில் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை அளித்தாலும் உயிர்பிழைக்கும் வாய்ப்புக் குறையாது என்பதை 1980களில் நிறுவின. இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபின் 2002இல் வெளிவந்த முடிவுகளும் அதனையே உறுதிசெய்தன. மார்பைக் காப்பது ஆடம்பரம் என்ற எண்ணம் அன்றே தகர்ந்திருக்க வேண்டும்.

முழு மார்பையும் அகற்ற நேரும் பெண்ணுக்கும் வழிகள் உண்டு. உள்வைப்பால் மீளமைப்பது ஒன்று. இதற்குச் சத்திரசிகிச்சை நேரம் குறைவு, ஆனால் கதிர்ச் சிகிச்சை பெற்ற நெஞ்சில் அது இறுகும் வாய்ப்பு அதிகம். சொந்தத் திசுவால் அமைப்பது மற்றொன்று. முதுகுத் தசையைத் திருப்பி முன்னே கொணரும் முறை பழையது. இன்று பெரிதும் விரும்பப்படுவது, கீழ் வயிற்றின் தோலையும் கொழுப்பையும் அவற்றின் இரத்தக் குழாய்களோடு எடுத்து, வயிற்றுத் தசையை விட்டுவைத்து, நெஞ்சிலுள்ள குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ்த் தைத்து இணைக்கும் முறை. 1989இல் ஜப்பானிய வைத்தியர்கள் இத்திசுவின் பயனை விவரித்தனர். 1990களில் அமெரிக்கரான ரொபேர்ட் அலன் அதனை மார்பக மீளமைப்பில் வளர்த்தெடுத்தார். பல மணி நேரம் பிடிக்கும் பெரிய சத்திரசிகிச்சை இது. புகைப்பழக்கமும் கட்டுப்பாடற்ற நீரிழிவும் இதன் வெற்றியைக் கெடுக்கும். நீரிழிவு மலிந்த எமது சமூகத்தில் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மீளமைப்பு வேண்டாம் என்பதும் முழுமையான ஒரு முடிவே. நெஞ்சைத் தட்டையாகவே நேர்த்தியாகத் தைத்துவிடுமாறு கேட்கலாம். உள்ளாடையில் பொருத்தும் புற அணியும் பல நாடுகளில் பொதுச் செலவில் கிடைக்கிறது. எவ்வழியாயினும் அவள் எல்லாவற்றையும் அறிந்து தெரிவு செய்ததாக இருத்தல் வேண்டும் என்பதே எமது வாதம். அறியாமையால் கைவிட்டதைத் தெரிவு என்று கூற முடியாது.

காலம் கடந்துவிட்டது என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி: மார்பை அகற்றிய அன்றே மீளமைக்கலாம், பத்து ஆண்டுகள் கழிந்தபின்னும் மீளமைக்கலாம். உடல்நிலை இடங்கொடுத்தால் இதற்குக் காலக்கெடு கிடையாது. மீளமைத்தலால் நோய் திரும்பி வருவதில்லை.

வந்துகொண்டிருப்பவை

அறிவியல் இப்போது மீண்டும் செர்னியின் வழிக்கே, அதாவது சொந்தத் திசுவின் வழிக்கே திரும்பிக்கொண்டிருக்கிறது. பிரான்சின் லீல் நகரிலும் ஜேர்மனியின் லைப்சிக் நகரிலும் உள்ள ஆய்வு நிறுவனங்கள், முப்பரிமாண அச்சில் வார்க்கப்பட்ட வலைக்கூடு ஒன்றை உருவாக்கியுள்ளன. மார்பின் வடிவில் உள்ள அக்கூட்டினுள் பெண்ணின் சொந்தக் கொழுப்பு வளர்கிறது. கூடு காலப்போக்கில் கரைந்து மறைகிறது. எஞ்சுவது அவளது திசு மட்டுமே. பந்தல் போட்டுக் கொடி ஏற்றி, கொடி நிலைத்தபின் பந்தலைக் கழற்றுவது போன்றதே இது. இன்னும் மனிதரில் பரிசோதனைக் கட்டத்திலேயே உள்ளது என்பதை மறத்தலாகாது.

வயிற்றுத் திசுவோடு ஒரு நரம்பையும் எடுத்து நெஞ்சு நரம்போடு இணைத்து, மீளமைத்த மார்புக்கு ஓரளவு உணர்வைத் திரும்பக் கொடுக்கும் முயற்சி சில வைத்தியசாலைகளில் நடைபெறுகிறது. ஒளிரும் சாயமொன்றை இரத்தத்தில் செலுத்தி, எத்திசுவுக்குக் குருதி போகிறது என்பதைச் சத்திரசிகிச்சை மேசையிலேயே கண்டறியும் முறை பரவிவருகிறது. மார்பகத்தை அகற்றுவதற்கு இயந்திரக் கரத்தைப் பயன்படுத்தும் முறையும் வந்துள்ளது. ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சையில் அதன் நீண்டகாலப் பாதுகாப்பு நிறுவப்படவில்லை என்று அமெரிக்க நிர்வாகம் 2019இல் எச்சரித்தது. கொஸ்ரா றிக்காவில் தயாராகும் மோட்டிவா என்னும் புதுவகை மென்மேற்பரப்பு உள்வைப்பு 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

புதியது என்பதாலேயே நல்லது என்று கொள்ளலாகாது. சொரசொரப்பான உறையும் ஒரு காலத்தில் புதிய முன்னேற்றமாகவே விற்கப்பட்டது.

உரிமையும் சட்டமும்

பிரான்சில் புற்றுநோயின் பின்னான மீளமைப்பு செக்யூரிட்டே சோசியாலின் பொறுப்பு. தனியார் நிபுணர் கூடுதற் கட்டணம் கேட்டால் மட்டுமே மேலதிகச் செலவு. அழகுச் சத்திரசிகிச்சைக்கு எழுத்திலான செலவு மதிப்பீடு கட்டாயம். அதனை ஒப்படைத்தபின் 15 நாட்கள் கழியுமுன் சத்திரசிகிச்சை செய்வது சட்டவிரோதம். பிரித்தானியாவில் மீளமைப்பைத் தேசிய சுகாதார சேவை ஏற்கிறது. ஜேர்மனியில் அரச மருத்துவக் காப்புறுதி மீளமைப்பை ஏற்கிறது. ஆனால் வெறும் அழகுக்காகச் செய்த சத்திரசிகிச்சையால் வரும் நோய்க்கான செலவில் ஒரு பங்கை நோயாளியே ஏற்கச் செய்ய வேண்டும் என்று அங்கு சட்டம் உண்டு. அமெரிக்காவில், மார்பை அகற்றுவதற்குப் பணம் கொடுக்கும் காப்புறுதி மீளமைப்புக்கும் கொடுக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளோர் பிரித்தானியாவில் வைத்தியசாலைக் கட்டணத்திலிருந்து விலக்குப் பெற்றவர்கள். பிரான்சில் 2020 முதல் மூன்று மாதக் காத்திருப்பின் பின்னரே முழு மருத்துவக் காப்புறுதி கிடைக்கிறது. ஜேர்மனியிலோ முதற்காலத்தில் கடும் நோய்க்கும் வலிக்குமான சிகிச்சையே பொதுவில் வழங்கப்படுகிறது. அக்காலம் 2024இல் 36 மாதமாக நீட்டப்பட்டது. வதிவிட நிலை மாறியதும் அகலும் தடைகளே இவற்றுட் பல. முதல் மறுப்பை இறுதி மறுப்பாகக் கொள்ள வேண்டாம்.

தமிழகத்தையும் இங்கு குறிப்பிடுவது தகும். 2018 பெப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரச வைத்தியசாலையில் ஏழைப் பெண்களுக்கு மார்பக அழகுச் சிகிச்சையை இலவசமாக வழங்கும் பிரிவு திறக்கப்பட்டபோது, பொதுப் பணத்தை இதற்குச் செலவிடலாமா என்ற வாதம் எழுந்தது. வலியும் கூச்சமும் தாழ்வுணர்ச்சியும் பணக்காரப் பெண்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதே அரச தரப்பின் பதிலாக இருந்தது.

கையொப்பமிடும் முன்

உடலில் வைக்கப்படும் பொருளின் தயாரிப்பாளர் யார், வகை எது, தொடரிலக்கம் எது என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, உள்வைப்பு வைத்தவருக்கு இவ்விபரங்கள் கொண்ட அட்டை வழங்கப்பட வேண்டும். வதிவிட அனுமதிப் பத்திரம் உள்ள அதே கோப்பில் அந்த அட்டையையும் பேணுங்கள். பி.ஐ.பி. பெயர் செய்திகளில் வந்தபோது, தம்முள் இருப்பது எதுவென்று அறியாமல் அலைந்த பெண்கள் பலர். நாட்டுப் பதிவேட்டில் விபரம் பதியப்படுமா என்றும் கேளுங்கள். பிரித்தானியாவில் இப்பதிவேடு 2016இல் தொடங்கியது. ஜேர்மனியில் 2024 யூலையில் மார்பக உள்வைப்புகளுக்குக் கட்டாயமாயிற்று.

சத்திரசிகிச்சை செய்பவர் தகைமை பெற்ற நிபுணரா, முதற் சந்திப்பில் பேசுபவர் அவர்தாமா அல்லது விற்பனைப் பணியாளரா என்று கேளுங்கள். சிக்கல் நேர்ந்தால் யார் பார்ப்பது, யார் செலவு செய்வது, பத்து ஆண்டுகளின் பின் மாற்ற நேர்ந்தால் என்ன செலவாகும் என்று கேளுங்கள். மலிவு விலைக்காக வேறு நாடு செல்வோர் இக்கேள்விகளை இருமடங்கு அழுத்திக் கேட்க வேண்டும். தொற்றும் குருதிக்கட்டியும் வீடு திரும்பிய பின்னரே வெளிப்படலாம். அப்போது வெட்டியவர் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருப்பார்.

இறுதியாக, மொழி. இத்தகைய சந்திப்புக்குப் பத்து வயது மகனையோ மகளையோ மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லும் வழக்கம் எம்மிடையே உண்டு. தாய் தன் மார்பைப் பற்றி மகன் வாயால் கேட்கமாட்டாள். பிள்ளைக்கும் அச்சொற்கள் தெரியாது. கணவன் மொழிபெயர்த்தால் மனைவியின் விருப்பம் கணவனின் விருப்பமாக மாறிவிடவும் கூடும். பெண் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்யுமாறு வைத்தியசாலையைச் சந்திப்புக்கு முன்னரே கேளுங்கள். அவ்வாறு கேட்பதில் வெட்கமில்லை. கேள்விகளை முன்கூட்டியே தமிழில் ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். எல்லாவற்றுக்கும் விடை கிடைத்த பின்னரே மற்றைய தாளில் கையொப்பமிடுங்கள்.